இரட்டையர் முரண்: அக்காவுக்கும் தங்கைக்கும் வயது வித்தியாசம் 7 ஆண்டா, 2 ஆண்டா?

முதுநிலை_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறப்புச் சார்பியலில் ஒரு கணக்கை வைத்து எங்கள் வகுப்பில் சில நாட்களாக வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கமான இரட்டையர் கணக்கில் ஒருவர் பூமியில் இருப்பார், மற்றவர் போய்த் திரும்புவார். இதில் இருவருமே கிளம்பிவிடுகிறார்கள், யாரும் திரும்புவதில்லை. அதனால்தான் குழப்பம்.

கணக்கு இதுதான். இரட்டைச் சகோதரிகள் இருவர் பூமியிலிருந்து ஒரே கணத்தில் புறப்பட்டு, 12 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு கோளுக்குச் செல்கிறார்கள். அந்தக் கோள் பூமியைப் பொறுத்து நகராமல் நிற்கிறது என்று கொள்ள வேண்டும். அக்காவின் கலம் ஒளிவேகத்தில் 0.8 பங்கு வேகத்திலும், தங்கையின் கலம் 0.6 பங்கு வேகத்திலும் செல்கின்றன. முதலில் போய்ச் சேரும் அக்கா, கோளில் இறங்கித் தங்கைக்காகக் காத்திருக்கிறாள். தங்கை வந்து இறங்கியதும் இருவரும் சந்திக்கிறார்கள். அப்போது அவர்களுக்குள் வயது வித்தியாசம் எவ்வளவு? கிளம்பும்போதும் இறங்கும்போதும் வேகம் மாறுவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

வகுப்பில் மூன்று விடைகள் வந்தன. அக்காவின் பயணம் அவள் கடிகாரத்தில் 9 ஆண்டு, தங்கையின் பயணம் அவள் கடிகாரத்தில் 16 ஆண்டு, ஆகவே வித்தியாசம் 7 என்பது ஒரு தரப்பு. இருவருக்கும் இடையிலான ஒப்பீட்டு வேகம் ஒளிவேகத்தில் 5/13 பங்கு, அதற்குரிய காமா (ஓடும் கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற எண்) 13/12, ஆகவே 16-ஐ அதனால் வகுத்தால் 14.77, வித்தியாசம் 1.23 என்பது இரண்டாம் தரப்பு. கொடுக்கப்பட்டிருந்த விடை 2. எண்ணை விட, ஒவ்வொரு வழியிலும் எங்கே சரி, எங்கே பிசகு என்பதைத் தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன்.

கரும்பலகை எழுதியது:

மாணவிக்கு வணக்கம். கல்லூரியில் நெடுங்காலம் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வழக்கமான இரட்டையர் கணக்கை விட இது நல்ல கணக்கு. அதில் "யார் போனார், யார் இருந்தார்" என்று முன்கூட்டியே பெயர் சூட்டிவிடுகிறோம். இதில் அந்த வசதி இல்லை, அதனால் அடிப்படையிலிருந்து யோசித்தே தீரவேண்டும்.

விடை 2 ஆண்டுதான். அக்காதான் இளையவளாக இருப்பாள்.

ஒளியின் வேகத்தை 1 என்றும், தொலைவை ஒளியாண்டிலும், காலத்தை ஆண்டிலும் எடுத்துக்கொள்வோம். பூமியும் கோளும் நகராமல் நிற்கும் குறிப்பாயத்தில், அதாவது அவற்றோடு நின்று அளப்பவரின் பார்வையில், அக்கா 12-ஐ 0.8-ஆல் வகுத்தால் வரும் 15 ஆண்டில் கோளை அடைகிறாள். தங்கைக்கு 12-ஐ 0.6-ஆல் வகுத்து 20 ஆண்டு. ஓடும் கடிகாரம், வேகத்தின் வர்க்கத்தை 1-லிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் பங்கு அளவுக்கே நேரத்தைக் காட்டும். 0.8 வேகத்துக்கு அந்தப் பங்கு 0.6, ஆகவே அக்காவுக்கு 15 × 0.6 = 9 ஆண்டு கழிகிறது. 0.6 வேகத்துக்கு அந்தப் பங்கு 0.8, ஆகவே தங்கைக்கு 20 × 0.8 = 16 ஆண்டு. இதுவரை உங்கள் வகுப்பில் யாரும் தவறவில்லை.

ஆனால் 7 என்ற விடை எதை எதிலிருந்து கழிக்கிறது என்று பாருங்கள். 9 என்பது அக்கா இறங்கிய கணத்தில் அவள் வயதில் கூடியது, 16 என்பது தங்கை இறங்கிய கணத்தில் அவள் வயதில் கூடியது. இந்த இரண்டு கணங்களுக்கும் இடையே கோளில் 5 ஆண்டு ஓடியிருக்கிறது. அந்த 5 ஆண்டும் அக்கா கோளிலேயே, அதன் கடிகாரத்தோடு ஒன்றாக மூப்படைந்திருக்கிறாள். ஆகவே சந்திப்பின்போது அக்காவுக்கு 9 + 5 = 14, தங்கைக்கு 16. இரட்டையர் கணக்கு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரு வயதுகளையும் நான் ஒரே நிகழ்வில் வைத்து ஒப்பிடுகிறேனா? பிரிந்த நிகழ்வு ஒன்று, கூடிய நிகழ்வு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒவ்வொருவர் கடிகாரமும் எவ்வளவு ஓடியது என்பதே வயது வித்தியாசம்.

1.23 என்ற விடையின் கோளாறு வேறு. 5/13 என்ற ஒப்பீட்டு வேகம் இருவரும் பறந்துகொண்டிருக்கும் வரைதான் பொருந்தும். அக்கா தரையிறங்கியபின் இருவருக்கும் இடையிலான வேகம் 0.6. ஒரே காமாவை முழுப் பயணத்துக்கும் போட்டதுதான் பிசகு.

ஏன்_எதற்கு எழுதியது:

கரும்பலகை ஐயாவின் கணக்கு புரிகிறது, ஆனால் அதன் அடித்தளம் எனக்கு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் பூமி-கோள் குறிப்பாயத்தில் வைத்தே செய்திருக்கிறீர்கள். சார்பியல் எந்தக் குறிப்பாயத்துக்கும் தனிச்சலுகை தருவதில்லை என்றுதானே படித்தோம்? அக்காவின் கலத்தில் உட்கார்ந்து பார்த்தால், அவள் நகரவில்லை, தங்கைதான் பின்னோக்கி நகர்கிறாள். ஓடும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றால், அக்காவின் கணக்கில் தங்கையல்லவா இளையவளாக இருக்க வேண்டும்? பூமியும் கோளும் கணக்கில் வந்திருப்பது தற்செயல். அவற்றை அழித்துவிட்டு, இரு கலங்களை மட்டும் வைத்து இதே விடையைக் காட்ட முடியுமா?

கரும்பலகை எழுதியது:

நண்பரே, நியாயமான கேள்வி. ஹெர்பர்ட் டிங்கிள் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 1950-களிலிருந்து பல ஆண்டுகள் விடாமல் எழுப்பிய வாதமும் இதன் வகையைச் சேர்ந்ததே. அவர் 1922-லேயே சார்பியலைப் பற்றி நூல் எழுதியவர். விஷயம் தெரிந்தவர்களுக்கும் இந்தச் சமச்சீர் வாதம் எவ்வளவு பிடிவாதமாக மனத்தில் நிற்கும் என்பதற்கு அது சான்று. இதை வார்த்தையால் தீர்ப்பதை விட எண்களால் தீர்ப்பது நல்லது. நீங்கள் கேட்டபடியே வேறு இரண்டு குறிப்பாயங்களில் செய்துகாட்டுகிறேன்.

முதலில், அக்கா பறந்தபோது அவளோடு நகர்ந்த குறிப்பாயம். இதில் அக்கா ஓரிடத்தில் நிற்கிறாள், கோள் 0.8 வேகத்தில் அவளை நோக்கி வருகிறது. பூமிக்கும் கோளுக்கும் இடையிலான தொலைவு நீளக் குறுக்கத்தால் (நகர்வதன் நீளம் நகரும் திசையில் அதே பங்கால் குறைவது) 12 × 0.6 = 7.2 ஒளியாண்டு, ஆகவே 7.2-ஐ 0.8-ஆல் வகுத்து 9 ஆண்டில் கோள் அவளிடம் வந்து சேர்கிறது. தங்கை இந்தக் குறிப்பாயத்தில் 5/13 வேகத்தில் பின்னோக்கிப் போகிறாள். இதுவரை நீங்கள் சொன்னது முற்றிலும் சரி: அக்காவுக்கு 9 ஆண்டு கழியும்போது, இந்தக் குறிப்பாயத்தின்படி தங்கைக்கு 9 × 12/13, அதாவது 8.31 ஆண்டே கழிந்திருக்கிறது. தங்கைதான் இளையவள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அவர்கள் இன்னும் சந்திக்கவில்லை. அக்கா கோளில் இறங்குகிறாள் என்றால் இந்தக் குறிப்பாயத்தில் என்ன பொருள்? நின்றுகொண்டிருந்தவள், 0.8 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் கோளில் ஏறிக்கொள்கிறாள் என்று பொருள். அதன்பின் அவள் 0.8 வேகத்தில் தங்கையைத் துரத்துகிறாள். தங்கை 5/13 வேகத்தில்தான் போகிறாள், அக்காவின் கடிகாரமோ இப்போது அதைவிட மிக மெதுவாக ஓடுகிறது. துரத்திப் பிடிக்க இந்தக் குறிப்பாயத்தில் 25/3, அதாவது எட்டேகால் ஆண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. அதில் அக்காவின் கடிகாரம் 25/3 × 0.6 = 5 ஆண்டே ஓடும். மொத்தக் காலம் 9 + 25/3 = 52/3 ஆண்டு. தங்கையின் கடிகாரம் 52/3 × 12/13 = 16. அக்காவின் கடிகாரம் 9 + 5 = 14. வித்தியாசம் 2.

இனி, தங்கையோடு நகரும் குறிப்பாயம். இதைத்தான் அனைவரும் உட்கார்ந்து ஒருமுறை கையால் செய்துபார்க்க வேண்டும் என்பேன். இதில் தங்கை புறப்பட்டதிலிருந்து சந்திப்பு வரை இம்மியும் நகர்வதில்லை. அக்கா 5/13 வேகத்தில் அவளைவிட்டு விலகிப் போகிறாள். அக்காவின் 9 ஆண்டு, தங்கைக்கு 9 × 13/12 = 9.75 ஆண்டு, அதற்குள் அக்கா 3.75 ஒளியாண்டு போயிருப்பாள். பின்பு அக்கா, கோளோடு சேர்ந்து, 0.6 வேகத்தில் தங்கையை நோக்கித் திரும்பி வருகிறாள். 3.75-ஐ 0.6-ஆல் வகுத்தால் 6.25 ஆண்டு, அதில் அக்காவுக்கு 6.25 × 0.8 = 5 ஆண்டு. தங்கைக்கு மொத்தம் 9.75 + 6.25 = 16, அக்காவுக்கு 9 + 5 = 14. மறுபடியும் 2.

இப்போது பாருங்கள், இது பழைய இரட்டையர் கணக்கேதான். வீட்டில் இருந்தவள் தங்கை, போய்த் திரும்பியவள் அக்கா! கோளில் சும்மா உட்கார்ந்து காத்திருந்தவளைப் பயணி என்று சொல்ல மனம் ஒப்பாது, ஆனால் பிரிவுக்கும் சந்திப்புக்கும் இடையே ஒரே நிலைமக் குறிப்பாயத்தில் (வேகமும் திசையும் மாறாத குறிப்பாயத்தில்) இருந்தவள் தங்கை மட்டுமே. அக்கா இரண்டு குறிப்பாயங்களில் வாழ்ந்திருக்கிறாள். நீங்கள் தேடிய சமச்சீர் உடைவது இந்த ஓர் இடத்தில்தான்.

பூமியையும் கோளையும் அழிக்கச் சொன்னீர்கள். அதற்கும் வழி உண்டு. கணிதவியலாளர் ஹெர்மான் மின்கோவ்ஸ்கி 1908-இல் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் காலத்தையும் வெளியையும் ஒரே வடிவியலாகக் காட்டினார். அதன்படி, இரு நிகழ்வுகளுக்கு இடையே சீராகச் செல்பவரின் கடிகாரம் காட்டும் காலம், கால இடைவெளியின் வர்க்கத்திலிருந்து தொலைவின் வர்க்கத்தைக் கழித்து எடுத்த வர்க்கமூலம். பிதாகரஸ் தேற்றத்தில் கூட்டல் இருக்கும் இடத்தில் இங்கே கழித்தல்.

தங்கை: √(20² − 12²) = √256 = 16.

அக்கா, பயணம்: √(15² − 12²) = √81 = 9. காத்திருப்பு: √(5² − 0²) = 5.

புறப்பாடு, அக்கா இறங்குதல், சந்திப்பு ஆகிய மூன்று நிகழ்வுகளும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். தாளில் வரையும் முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரியது. காலவெளி முக்கோணத்தில், அந்தக் கழித்தல் குறியின் காரணமாக, நேர்மாறு: 9 + 5, 16-ஐவிடச் சிறியது. நேர்க்கோட்டில் போனவருக்கே அதிக வயது. இந்த 16, 9, 5 ஆகிய எண்கள் எந்தக் குறிப்பாயத்தில் அளந்தாலும் மாறாதவை. அதனால்தான் மூன்று குறிப்பாயங்களிலும் ஒரே விடை வந்தது.

முதுநிலை_மாணவி எழுதியது:

ஐயா, தங்கையின் குறிப்பாயத்தில் செய்துகாட்டிய கணக்கை இன்று முழுவதும் போட்டுப் பார்த்தேன். மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. அக்கா இறங்குவதற்கு ஒரு நொடி முன்பு, அவள் குறிப்பாயத்தின்படி தங்கைக்குக் கழிந்தது 8.31 ஆண்டு. இறங்கிய மறுநொடி, அவள் கோளின் குறிப்பாயத்தில் இருக்கிறாள். அதன்படி பூமிக் காலம் 15, தங்கைக்குக் கழிந்தது 15 × 0.8 = 12 ஆண்டு. அந்த ஒரு நொடியில் தங்கை 3.69 ஆண்டு மூப்படைந்துவிட்டாளா? தொலைவில் தன்பாட்டில் பறந்துகொண்டிருக்கும் ஒருவரின் வயதை இன்னொருவரின் பிரேக் எப்படித் தாவச் செய்யும்?

கரும்பலகை எழுதியது:

தங்கைக்கு எதுவும் நேரவில்லை. மாறியது அக்கா "இப்போது" என்று சொல்லும் சொல்லின் பொருள். நகரும் ஒருவர், தொலைவில் உள்ள எந்த நிகழ்வைத் தன் இக்கணத்தோடு சேர்த்து எண்ணுகிறார் என்பது அவர் வேகத்தைப் பொறுத்தது. அக்கா பறக்கும்போது அவள் கணக்கில் பூமிக் கடிகாரமும் கோள் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் இடையே வேகம் பெருக்கல் தொலைவு, அதாவது 0.8 × 12 = 9.6 ஆண்டு வேறுபாடு. அவள் இறங்கும் கணத்தில் கோள் கடிகாரம் 15 காட்டும், அவள் கணக்கில் பூமிக் கடிகாரம் அப்போது 5.4 மட்டுமே காட்டும். இறங்கி நின்றதும் அந்த வேறுபாடு இல்லாமல் போகிறது. இடைவழியில் உள்ள தங்கைக்கு அதில் ஒரு பங்கு வருகிறது, அதுவே உங்கள் 3.69 ஆண்டு. இது கண்ணால் காணும் எதுவும் அல்ல, வெறும் கணக்கு ஒழுங்கு.

கண்ணால் காண்பதைக் கேட்டால் தாவலே இராது. இதைப் பிறந்தநாள் செய்திகளை வைத்துப் பார்ப்போம். பயணம் தொடங்கிய நாளே அவர்களின் பிறந்தநாள் என்று வைத்து, ஒவ்வொருவரும் தம் கடிகாரப்படி ஆண்டுக்கு ஒரு செய்தியை ரேடியோ அலையில் மற்றவருக்கு அனுப்புகிறார்கள் என்று கொள்ளுங்கள். இருவரும் 5/13 வேகத்தில் விலகும்போது டாப்ளர் விளைவின் காரணமாக (அனுப்புபவர் விலகும்போது அலைகள் இடைவெளி கூடியும், நெருங்கும்போது குறைந்தும் வந்துசேர்வது), செய்திகள் வந்துசேரும் வீதம், அனுப்பும் வீதத்தில் 2/3 பங்கு. அதாவது ஒன்றரை ஆண்டுக்கு ஒரு செய்தி. அக்கா தன் 9 ஆண்டுப் பயணத்தில் தங்கையிடமிருந்து 6 செய்திகள் பெறுகிறாள். ஆறாவது செய்தி அவள் கோளில் இறங்கும் அந்த நாளில் வருகிறது. இறங்கியபின் தங்கை 0.6 வேகத்தில் நெருங்கிக்கொண்டிருக்கிறாள், இப்போது டாப்ளர் பங்கு 2. அரையாண்டுக்கு ஒன்றாக, 5 ஆண்டில் 10 செய்திகள் வருகின்றன. பதினாறாவது செய்தியைத் தங்கை கதவைத் திறந்து நேரில் சொல்கிறாள். அக்கா பெற்றவை 6 + 10 = 16. எந்தச் செய்தியும் விடுபடவில்லை, எந்த ஆண்டும் தாவவில்லை.

தங்கையின் பக்கம் பாருங்கள். அவளுக்கும் அக்காவின் செய்திகள் ஒன்றரை ஆண்டுக்கு ஒன்றாகவே வரத் தொடங்குகின்றன, இதுவரை முழுச் சமச்சீர். ஆனால் அக்கா இறங்கிய நாளில் அனுப்பிய ஒன்பதாவது செய்தி, வழியைக் கடந்து தங்கையிடம் சேரும்போது தங்கைக்கு 13.5 ஆண்டு ஆகிவிட்டது. அதன்பின் மிச்சமிருக்கும் 2.5 ஆண்டில் அரையாண்டுக்கு ஒன்றாக 5 செய்திகள். மொத்தம் 9 + 5 = 14. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. வீதம் மாறியதை, மாற்றிய அக்கா அக்கணமே காண்கிறாள். தங்கையோ செய்தி வந்துசேரும் வரை காத்திருந்து, தன் பயணத்தின் கடைசிப் பகுதியில்தான் காண்கிறாள்.

இவ்வகை விளக்கத்தை முதலில் தந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின். 1911-இல் இத்தாலியின் பொலோனா நகரில் நடந்த தத்துவ மாநாட்டில் பேசினார். அவர் எடுத்துக்கொண்ட வேகம், ஒளிவேகத்தைவிட இருபதாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே குறைந்தது. அதற்குக் காமா 100, பயணிக்கு 2 ஆண்டு, பூமிக்கு 200 ஆண்டு. போகும் ஓராண்டு முழுவதும் பயணி பூமியின் இரண்டு நாளை மட்டுமே காண்பார், திரும்பும் ஓராண்டில் இருநூறு ஆண்டையும் காண்பார். லாஞ்செவின் கணக்கில் இரட்டையர் வரவில்லை, ஒரேயொரு பயணிதான். ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய கட்டுரையிலோ பயணியும் கிடையாது, வளைவுப் பாதையில் போய்த் திரும்பும் ஒரு கடிகாரம் மட்டுமே உண்டு.

ஏன்_எதற்கு எழுதியது:

என் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று. இப்போது நீங்கள் சொல்வதைச் சுருக்கினால், பிரேக் போட்டது அக்கா, ஆகவே அக்கா இளையவள் என்றாகிறது. அப்படியானால் வயதைக் குறைப்பது முடுக்கம்தானே? பல நூல்கள் அப்படித்தான் எழுதுகின்றன. முடுக்கம் வந்தால் பொதுச் சார்பியல் இல்லாமல் தீராது என்றும் சிலர் சொல்கிறார்கள்.

அணுக்கடிகாரம் எழுதியது:

நேர அளவீட்டுத் துறையில் பணிபுரிபவன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் சோதனைகள் பேச வேண்டும்.

முதலில், அக்காவை இறக்காமலே கணக்கைச் செய்யலாம். அவள் கோளைக் கடந்து பறந்து போகட்டும். கடக்கும் கணத்தில், கோளில் பிறந்து வளர்ந்த ஒருவர் அவள் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தை 9 என்று வைத்துக்கொள்கிறார். தங்கையும் இறங்காமல் அவரைக் கடந்து போகட்டும், கடக்கும்போது இரு கடிகாரங்களையும் ஒப்பிடட்டும். கோள்வாசியின் கடிகாரம் 14, தங்கையுடையது 16. இதில் ஒருவருக்கும் முடுக்கமே இல்லை, ஆனால் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. நிலைமக் குறிப்பாயங்களே இங்கு அடிப்படை என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் ஃபான் லவ்வே 1913 வாக்கிலேயே வலியுறுத்தியிருக்கிறார்.

இரண்டாவது, நேரடிச் சோதனை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், 7 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளையத்துக்குள், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான, விரைவில் சிதைந்துவிடும் மியூவான் துகள்களைச் சுற்றவிட்டு, முடிவுகளை 1977-இல் வெளியிட்டார்கள். ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ வினாடி. வளையத்தில் அவற்றின் காமா 29.3. அளந்த ஆயுள் சுமார் 64.4 மைக்ரோ வினாடி, அதாவது 2.197 × 29.3. கணிப்போடு ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் ஒத்துப்போனது. வளையத்தில் சுற்றும் துகள் ஒவ்வொரு கணமும் திசை மாறுகிறது, அது உணரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 10¹⁸ மடங்கு. முடுக்கமே கடிகாரத்தை நேரடியாக மெதுவாக்குமென்றால் இந்த அளவுக்கு அது வெளிப்பட்டே ஆகவேண்டும். வேகத்துக்குரிய காமா மட்டுமே வெளிப்பட்டது. மியூவான்கள் புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் மீண்டும் வருவதால், இது மெய்யான இரட்டையர் சோதனையும்கூட.

முடுக்கத்தின் பங்கு, பாதையில் ஒரு வளைவை உண்டாக்குவது மட்டுமே. ஊருக்குப் போகும் சாலையில் ஒரு திருப்பம் இருந்தால், அந்தத் திருப்பத்தில் கிலோமீட்டர் அதிகமாகிவிடுவதில்லை. திருப்பத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சாலைகளின் நீளத்தால்தான் மொத்தம் மாறுகிறது. பொதுச் சார்பியல் தேவைப்படுவது ஈர்ப்பு வரும்போது. அக்கா-தங்கை கணக்கில் ஈர்ப்பு இல்லை, சிறப்புச் சார்பியலே போதும், முடுக்கம் உட்பட.

ஒரு செய்தி கூடுதலாக. பூமியில் நிற்பவர்தான் "வீட்டில் இருப்பவர்" என்ற நினைப்பும் எப்போதும் சரியல்ல. 1971 அக்டோபரில் ஹாஃபலே, கீட்டிங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் உலகைச் சுற்றி ஒருமுறை கிழக்காகவும், ஒருமுறை மேற்காகவும் கொண்டுபோய், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்கே போனவை 59 நானோ வினாடி பின்தங்கின, மேற்கே போனவை 273 நானோ வினாடி முந்தின. கணித்தவை முறையே 40-உம் 275-உம். உயரத்தால் ஈர்ப்பு குறைவதால் இரு பயணங்களிலும் கடிகாரம் முந்தும். வேகத்தின் விளைவை மட்டும் பிரித்தால், கிழக்குப் பயணத்தில் 184 நானோ வினாடி பின்னடைவு, மேற்குப் பயணத்தில் 96 நானோ வினாடி முன்னேற்றம் என்பது கணிப்பு. பறந்த கடிகாரம் எப்படி முந்தும்? தரையில் இருந்த கடிகாரமும் பூமியின் சுழற்சியோடு கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கே பறக்கும் விமானம் அந்தச் சுழற்சிக்கு எதிராகப் போவதால், பூமி மையத்தைப் பொறுத்து அது தரையைவிட மெதுவாக நகர்கிறது. இங்கே வாஷிங்டன் கடிகாரம்தான் அக்கா!

நள்ளிரவு_வாசகர் எழுதியது:

நான் இயற்பியல் படித்தவன் அல்லன், ஆனால் இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். கடிகாரமும் மியூவானும் சரி. உண்மையான மனித இரட்டையர் யாராவது விண்வெளிக்குப் போயிருக்கிறார்களா? அவர்களுக்கு எவ்வளவு வித்தியாசம் வந்தது?

அணுக்கடிகாரம் எழுதியது:

போயிருக்கிறார்கள். அமெரிக்க விண்வெளி வீரர்கள் மார்க் கெல்லி, ஸ்காட் கெல்லி இருவரும் உருவொத்த இரட்டையர், மார்க் 6 நிமிடம் மூத்தவர். ஸ்காட் 2015 மார்ச்சிலிருந்து 2016 மார்ச் வரை 340 நாள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தார். அந்தக் காலத்துக்கு மட்டும் கணக்குப் போடுகிறேன்.

நிலையத்தின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.66 கிலோமீட்டர். இதை ஒளிவேகத்தால் வகுத்தால் 0.0000256. இவ்வளவு சிறிய வேகத்துக்கு, கடிகாரம் பின்தங்கும் பங்கு அதன் வர்க்கத்தில் பாதி: 3.26 × 10⁻¹⁰. 340 நாளில் 2 கோடியே 93 லட்சத்து 76 ஆயிரம் வினாடி. பெருக்கினால் 9.6 மில்லி வினாடி. மறுபுறம், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு சற்றுக் குறைவதால் கடிகாரம் முந்தும் பங்கு 4.1 × 10⁻¹¹, அதாவது 1.2 மில்லி வினாடி. நிகரமாக ஸ்காட் 8.4 மில்லி வினாடி இளையவரானார். 6 நிமிடம் இளையவராக இருந்தவர், 6 நிமிடமும் 8.4 மில்லி வினாடியும் இளையவர். மார்க்கும் விண்கலங்களில் பறந்தவர் என்பதால், வாழ்நாள் முழுவதற்குமான வித்தியாசம் வேண்டுமென்றால் இருவரின் எல்லாப் பயணங்களையும் தனித்தனியே கூட்ட வேண்டும்.

உடல் மூப்பும் இதற்குள் அடக்கம். நாடித்துடிப்பு, உயிரணுப் பிரிவு, சீசியம் அணுவின் அதிர்வு எல்லாமே ஒரே பாதையில் பயணித்த ஒரே காலத்தில்தான் நடக்கின்றன. மியூவான் சிதைவதும் கடிகார முள் நகர்வது அல்லவே. கதிர்வீச்சாலும் எடையின்மையாலும் உடலில் நேரும் மாற்றங்கள் வேறு விஷயம், அவற்றை இதோடு சேர்க்கக்கூடாது.

முதுநிலை_மாணவி எழுதியது:

எங்கள் வகுப்பில் ஒரு நண்பர் இன்னொன்று கேட்கிறார். ஒரே கணத்தில் 0.8 வேகத்தை எட்டினால் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். அக்கா மட்டும் வழியின் பாதிவரை புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் வேகமெடுத்து, மீதிப் பாதியில் அதே அளவில் வேகம் குறைத்து இறங்கினால், வித்தியாசம் குறையுமா, கூடுமா?

கரும்பலகை எழுதியது:

கூடும். சீரான முடுக்கத்துக்கும் முறை அதேதான்: பாதையைச் சிறுசிறு நேர்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தன்காலத்தையும் (அதில் பயணிப்பவரின் கடிகாரம் காட்டும் காலத்தையும்) கூட்டுகிறோம். கூட்டலைத் தொகையீடாகச் செய்தால் அதிபரவளையச் சார்புகள் வரும்.

ஒளிவேகத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் 0.968 ஆண்டு கிடைக்கும், இதை அலகாகக் கொள்வோம். பாதித் தொலைவு 6 ஒளியாண்டு, இந்த அலகில் 6.196. பாதி வழியில் அக்காவின் காமா, இதோடு 1 சேர்த்து 7.196. வேகம் ஒளிவேகத்தில் 0.990 பங்கு. அங்கே வரை பூமிக் காலம், காமாவின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்த வர்க்கமூலம், 7.126 அலகு, அதாவது 6.90 ஆண்டு. அக்காவின் காலம், காமாவையும் அந்த வர்க்கமூலத்தையும் கூட்டி எடுத்த இயல் மடக்கை: 14.322-இன் இயல் மடக்கை 2.662 அலகு, அதாவது 2.58 ஆண்டு. மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம் என்பதால் இரட்டிக்கலாம்.

ஆக அக்கா கோளில் இறங்கும்போது பூமிக் காலம் 13.80 ஆண்டு, அவளுக்குக் கழிந்தது 5.16 ஆண்டு. தங்கை 20-ஆம் ஆண்டில்தான் வருகிறாள், காத்திருப்பு 6.20 ஆண்டு. சந்திக்கும்போது அக்காவுக்கு 11.36, தங்கைக்கு 16. வித்தியாசம் ஏறத்தாழ 4.6 ஆண்டு. உச்ச வேகம் 0.8-ஐவிட மிக அதிகமாகிவிடுவதால்தான் வித்தியாசம் இரட்டிப்புக்கும் மேல் போகிறது. தங்கை இன்னும் ஒரே கணத்தில் 0.6 வேகத்தை எட்டுபவளாகவே இருக்கிறாள் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அவளுக்கும் இதே முடுக்கத்தில் 0.6 வரை வேகமெடுத்து, அதன்பின் சீராகப் பறந்து, கடைசியில் வேகம் குறைத்து இறங்கும் பயணம் தரவேண்டுமானால், மூன்று துண்டுகளாக எழுதி இதே முறையில் கூட்டிக்கொள்ளலாம். அக்காவின் காத்திருப்பும் அதற்கேற்ப நீளும்.